டாக்டரம்மாவுக்கு உள்ள குறைகள்

மே 6, 1940

இன்று முதல் மூன்று வாரம் நான் பேசக் கூடாது. டாக்டரம்மாவின் உத்தரவு. நுரையீரலுக்கு ஓய்வு வேண்டுமாம், நானோ மூச்சு விடுவதைவிட அதிகமாகப் பேசுகிறேனாம். "நயினார், நீரு பேசினா சாவீரு" என்று தர்ம வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்புறம் கோடு போட்ட இந்த நோட்டையும் ஒரு பென்சிலையும் கட்டிலில் போட்டார். "பேச்சு வந்தா இதுல எழுதும்."

நான் சங்கரநயினார் பிள்ளை, கல்யாணத் தரகன். திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை என் வாயால் நடந்த கல்யாணங்களை நானே எண்ணி முடித்ததில்லை. அப்படிப்பட்டவன் வாயை ஒரு வெள்ளைக்காரி மூடிவிட்டுப் போகிறாள். காலம் அப்படி இருக்கிறது.

ஊரைப் பொறுத்தவரை நான் கொழும்பில் இருக்கிறேன். செண்பகப்பொத்தை க்ஷயரோக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்பது என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். க்ஷயரோகி கொண்டுவரும் ஜாதகத்தை யார் கையால் தொடுவார்கள்?

மே 7

பேசவில்லை.

மே 9

டாக்டரம்மாவைப் பற்றிக் குறித்து வைக்கிறேன். தொழில் பழக்கம், வேறு ஒன்றுமில்லை.

பெயர் ஹெர்த்தா மைசல். வார்டில் எல்லோரும் மயிலம்மா என்கிறார்கள். வயது நாற்பதுக்குள். நல்ல உயரம், பல் வரிசை குறை சொல்ல முடியாது, பாதம் பெரிது. சமையல் தெரியாது. கல்யாணம் ஆகவில்லை. தமிழை வார்டு சிஸ்டர் மதுரத்திடம் படித்ததால் பாளையங்கோட்டைக்காரி மாதிரிப் பேசுகிறார். ஆனால் மரியாதை எது, இங்கிதம் எது என்று மதுரம் சொல்லிக் கொடுக்கவில்லை.

வேலையில் கெட்டி. அழுகிய நுரையீரல் அசையாமல் கிடந்தால் ஆறிவிடுமாம். அதற்காக விலாவில் ஊசி குத்தி, நுரையீரலுக்கும் நெஞ்சுக் கூட்டுக்கும் நடுவில் காற்றை ஏற்றி, அதை அமுக்கிச் சுருட்டி வைத்துவிடுகிறார். ஏற்றிய காற்று பத்துப் பன்னிரண்டு நாளில் கரைந்துபோகும், திரும்ப ஏற்ற வேண்டும். சைக்கிள் டியூபுக்குப் பண்ணுவது மாதிரிதான். நாங்கள் இதைக் காற்றடிப்பு என்போம். இந்தப் பக்கத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பெரிய டாக்டர் பொன்னுரங்கம் ஊசி எடுக்கும் நாளில் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

காற்றடித்த பிறகு எனக்கு ஜுரம் இறங்கியிருக்கிறது. இதை அந்த அம்மாளிடம் நான் சொல்லப் போவதில்லை. சொல்லவும் கூடாதே.

மே 15

பக்கத்துக் கட்டில் ஏசுவடியான் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். இன்று அவனிடம் டாக்டரம்மா, "உமக்கு இடது பக்கம் பெரிய ஓட்டை. காத்தடிச்சா பிழைக்க வழி உண்டு. நிறுத்தினா இல்லை" என்றார். சாப்பாட்டுத் தட்டோடு இருந்தவனிடம். அவன் சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. 'கெட்ட சேதியை இப்படியா சொல்வது?' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"வேற எப்படி?" என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

மே 19

டாக்டரம்மாவுக்கு என் கட்டிலோரம் பிடித்துப்போயிற்று. நான் பதில் பேச மாட்டேன் அல்லவா, அதுதான் காரணம். ரவுண்டு முடிந்ததும் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார்.

யூதர் குடும்பம். அப்பாவும் டாக்டர். போன யுத்தத்தில் ஜெர்மன் பட்டாளத்தில் வேலை பார்த்து, மன்னர் கொடுத்த மெடல் வாங்கியவர். சித்தப்பா அதே யுத்தத்தில் செத்தவர். டாக்டரம்மா அவர்கள் ஊரில் யூதர்கள் நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைகளின் க்ஷயத்துக்கு வைத்தியம் பார்த்தவர். ஹிட்லர் வந்ததும் யூதர் வைத்தியமே பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார்களாம். பெயர்ப் பலகையைப் பிடுங்கி எறிந்தார்களாம். யூதர் கடைகளை உடைத்த நாளில் அப்பா அந்த மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு வாசலில் போய் நின்றாராம். மெடலோடு சேர்த்து அடித்தார்கள். அவர் அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. இவருடைய பாஸ்போர்ட்டில் யூதர் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பாக ஒரு எழுத்தைக் குத்தி, போ என்று விட்டார்கள். பம்பாயில் கப்பல் இறங்கினால் அங்கே இருக்க இடமில்லை. அங்குள்ள யூதர் சங்கம் ஊர் ஊராக எழுதிக் கேட்டதில் இந்த ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டுக்காரர்கள் மட்டும் சரி என்றார்கள். வேறு டாக்டர் யாரும் இந்தக் காட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை என்பதால்.

'இதையெல்லாம் வெளியே ஒரு ஆளிடம் சொல்ல மாட்டேன்' என்று எழுதிக் காட்டினேன்.

"சொல்லும். அதனால என்ன?" என்றார்.

பாவம். ஊரைவிட்டு விரட்டப்பட்ட குடும்பம் என்று தெரிந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது இவருக்குப் புரியவில்லை. எத்தனை குடும்பத்துக் கறையை நான் மூடி வைத்திருக்கிறேன். இதையும் மூடி வைப்பேன்.

மே 27

பேச அனுமதி கிடைத்தது. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. காலைக் கால் மணியில் பாதி இருமலில் போயிற்று.

ஜூன் 3

யுத்தம் மோசமாகப் போகிறதாம். அதனால் ஜெர்மன்காரர் யார் யார், எப்படிப்பட்டவர்கள் என்று சர்க்கார் மறுபடி விசாரிக்கிறது. இன்று ஒரு இன்ஸ்பெக்டர் மோட்டாரில் வந்தார். மதராஸ் பக்கத்து ஆள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாக் கோடியில் உட்கார்ந்தார். டாக்டரம்மாவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். வார்டு முழுக்க என்னைக் கை காட்டியது. மூன்று வாரப் பேச்சு உள்ளே சேர்ந்து கிடந்தது.

"அந்தம்மா எந்த ஊரு?"

"அசல் ஜெர்மனி, ஐயா. கலப்பே கிடையாது."

"குடும்பம்?"

"பெரிய கை. அப்பா ஜெர்மன் பட்டாளத்துல டாக்டரு. ராசா குடுத்த மெடல் வச்சிருந்தாரு. சித்தப்பா அந்த நாட்டுக்காக உசிரையே குடுத்தவரு. அப்படியாப்பட்ட வம்சம்."

இன்ஸ்பெக்டர் கையில் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு கவனமாகக் கேட்கிற மாப்பிள்ளை வீட்டாரை நான் பார்த்ததில்லை.

"அப்புறம் ஏன் இங்க வந்தாங்க?"

கேள்வி சிக்கலானது. ஆனால் இருபது வருடமாக இதைவிடச் சிக்கலான கேள்விகளுக்குப் பதில் சொன்னவன் நான். "தானா விரும்பி வந்தாவ, ஐயா. தர்ம காரியம் செய்யணும்னு. அங்க அவுகளுக்கு என்ன குறைச்சல்? நாளைக்கே திரும்பிப் போனாலும் ஊரே எதிர்கொண்டு அழைக்கும்."

"சொந்த நாட்டு மேல பிரியம் உண்டா?"

"பொறந்த வீட்டு மேல பிரியமில்லாத பொண்ணை நான் யாருக்கும் பேசி முடிச்சதில்ல."

அவர் எழுதி முடித்து, உங்களை மாதிரி விவரமாகப் பேசுகிறவர்கள் அபூர்வம் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜூன் 4

நேற்றைய பேட்டியைப் பற்றி வார்டில் எல்லோருக்கும் சொன்னேன். கால் மணி தாண்டியது. டாக்டரம்மா இல்லாத நேரம்தான்.

ஜூன் 8

டாக்டரம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்று காற்றடிக்கிற நாள். மூன்று பேருக்கு முடிந்திருந்தபோது மோட்டார் வந்தது. இன்ஸ்பெக்டரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும். சாமான்களைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். "கட்ட ஒண்ணுமில்ல. அந்த நேரத்துல இன்னொரு ஆளுக்குக் காத்தடிக்கேன்" என்றார் டாக்டரம்மா. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஏசுவடியான் போய்ப் படுத்தான். அடுத்தது நான். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

என்ன காரணம் என்று பெரிய டாக்டர் கேட்டார். இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். அசல் ஜெர்மன் குடும்பம், பட்டாளத்து வம்சம், தானாக விரும்பி வந்தவர், ஊரில் இன்றும் செல்வாக்கு, சொந்த நாட்டின் மேல் தீராத பிரியம். இப்படிப்பட்டவரை இந்தச் சமயத்தில் வெளியே விட்டு வைக்க முடியாது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். "இது யாரு?" என்றார். தன்னைப் பற்றித்தான் படித்தார்கள் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

இந்த இன்ஸ்பெக்டர் தமிழைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஆளாகத் தெரியவில்லை.

ஜூன் 9

பேசவில்லை. உத்தரவு யாரும் போடவில்லை.

ஜூன் 20

குற்றாலத்துச் சாரல் இங்கு வரை வீசுகிறது. போர்வை ஈரம். எனக்கு மாலையில் ஜுரம் வருகிறது. காற்று கரைந்துவிட்டது என்பது மூச்சு இழுக்கும்போதே தெரிகிறது.

பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு அந்த வேலை வராது, பிள்ளைவாள். ஊசி கொஞ்சம் தப்பினா ஆளு அங்கேயே முடிஞ்சிரும்."

"எத்தனை நாளு தாங்கும்?"

"விரிஞ்ச நுரையீரல் கூட்டோட ஒட்டிக்கிட்டா அப்புறம் மயிலம்மாவே வந்தாலும் காத்துக்கு எடமிருக்காது. சில பேருக்குச் சீக்கிரம் ஒட்டும், சில பேருக்கு ஒட்டாது."

பேச்சை மாற்றி, மழை எப்படி என்றேன். நல்ல மழைதான் என்றார்.

ஜூன் 23

ஏசுவடியானுக்குக் காலையில் ரத்தம் வந்தது. பீங்கான் கோப்பையில் பாதி. சிஸ்டர் மதுரம் ஐஸ் வைத்து நிறுத்தினாள். நின்ற பிறகு என் பக்கம் திரும்பினான். டாக்டரம்மா அன்று என்னிடம் சொன்னதை அவனும் பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்டிருக்கிறான்.

"அண்ணாச்சி, அந்த இன்ஸ்பெக்டர்ட்ட அவுகளை ஊரை விட்டு விரட்டினதச் சொன்னீரா?"

"அதை எப்படிவே சொல்லுவேன்?"

"அப்பனை அடிச்சதை?"

"ஒரு பொம்பளையைப் பத்தி விசாரிக்க வந்தவன்ட்ட அப்பன் தெருவுல அடி வாங்கினான்னா சொல்லுவாங்க? மானம் போயிராதா?"

"அந்த ரெண்டையும் சொல்லியிருந்தா இன்னைக்கு நமக்குக் காத்தடிச்சிருப்பாவ." அதற்கு மேல் பேச அவனுக்கு மூச்சில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தானாக விரும்பி வந்தார் என்றதைத் தவிர. ஊர் எதிர்கொண்டு அழைக்கும் என்றதையும் தவிர.

ஜூலை 2

டிரஸ்டு செக்ரெட்டரி வன்னியப்பன் வந்தார். டாக்டரம்மாவை மலையில் ஒரு பங்களாவில் வைத்திருக்கிறார்களாம். கூட இருப்பதெல்லாம் ஜெர்மன் பெண்கள். சுவரில் ஹிட்லர் படம் மாட்டி வைத்திருக்கிறார்களாம். யூதச்சி என்று இவரை யாரும் சாப்பாட்டு மேஜையில் சேர்த்துக்கொள்வதில்லை. இவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாராம்.

எந்த நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அந்த நாட்டையே கொண்டுவந்து சுற்றி உட்கார வைத்துவிட்டோம். வைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு கமிட்டி இந்த மாதம் வழக்குகளை மறுபடி கேட்கிறதாம். செக்ரெட்டரி போகிறார். "எனக்கு அந்தம்மாவைப் பத்தி என்னய்யா தெரியும்? நல்லா வேலை செய்வாங்கன்னு சொல்லலாம். அவ்வளவுதான்" என்றார்.

"நானும் வாரேன்" என்றேன்.

பெரிய டாக்டர், இந்த ஜுரத்தோடு மலை ஏறினால் நல்லதில்லை என்றார். அவர் பயப்படாத காரியம் எது?

ஜூலை 18

கமிட்டி. மூன்று துரைகள். ஒருவர் பழைய ஜட்ஜ். மொழிபெயர்க்க ஒரு ஐயர். ஒரு ஓரத்தில் டாக்டரம்மா. இளைத்துப் போயிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "நீரு படுத்திருக்கணும்."

நீ யார் என்று கேட்டார்கள். கல்யாணத் தரகன் என்றேன். இந்தப் பெண்மணியை எப்படித் தெரியும் என்றார்கள். இங்கே கொஞ்சம் தயங்கினேன். அந்த அறையில் நம் பக்கத்துக் குமாஸ்தாக்களும் இருந்தார்கள். "நான் க்ஷயரோகி. அவுக வைத்தியத்துல இருக்கேன்" என்றேன். ஐயர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். இனி எந்த வீட்டிலும் என்னை உட்காரச் சொல்லிக் காப்பி தர மாட்டார்கள். கொழும்புப் பொய் முடிந்தது.

ஜட்ஜ் என் பழைய வாக்குமூலத்தைக் கையில் வைத்திருந்தார். இதெல்லாம் நீ சொன்னதுதானே?

"நான் சொன்னதுதான். அது பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட சொல்லுத பேச்சு, ஐயா. நல்லதை மட்டும் சொல்லுவோம். குறையை மூடிருவோம். இப்போ குறையைச் சொல்லுதேன்."

தொழிலில் இறங்கியதிலிருந்து நான் செய்யாத காரியம் இது. டாக்டரம்மாவைப் பார்த்து, "கோவிச்சுக்கிடாதீங்க" என்றேன். பிறகு தொடங்கினேன்.

"இந்தம்மாவுக்கு ஊர் கிடையாது, ஐயா. வீடு கிடையாது. பெயர்ப் பலகையைப் புடுங்கி எறிஞ்சுட்டாங்க. வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு விரட்டிட்டாங்க. அப்பா மெடலைக் குத்திக்கிட்டு வாசல்ல நின்னாரு. அந்த மெடலோடவே அடிச்சாங்க. அதுலயே போயிட்டாரு. பாஸ்போர்ட்டைத் தொறந்து பாருங்க, வேண்டாத மாட்டுக்குச் சூடு போடுத மாதிரி போட்டு அனுப்பியிருக்காங்க. திரும்பிப் போனா எதிர்கொண்டு அழைக்க ஒரு நாயும் கிடையாது. சிரிச்சுப் பேசத் தெரியாது. சாகப் போறவனைச் சாகப் போறேன்னுதான் சொல்லுவாவ. இந்த இடத்துக்கு ஒரு மாப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டான். நான் ஜாதகத்தை வாங்கவே மாட்டேன்."

ஐயர் மொழிபெயர்க்க நேரம் பிடித்தது. ஒரு துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா, என் இருமலுக்குப் பயந்தாரா தெரியவில்லை.

"அப்படியென்றால் உங்களுக்கு ஏன் இவர் வேண்டும்?" என்று ஜட்ஜ் கேட்டார்.

ஏசுவடியானின் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் கிடக்கிற கட்டில்களைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் எனக்கு இருமல் வந்துவிட்டது. சொல்ல நினைத்த நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா முகத்தில் கோபமில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இந்தத் தடவை தெரிந்தது அவருக்கு. கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. அழுதேன்.

ஜூலை 20

வார்டுக்குத் திரும்பியாயிற்று. வழியில் கொஞ்சம் ரத்தம். பஸ் ஆட்டம் அப்படி.

ஆகஸ்ட் 1

ஜுரம். சாப்பாடு இறங்கவில்லை. ஏசுவடியான் தன் முட்டையை என் தட்டில் வைக்கிறான். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவனும் நானும் பேசிக்கொள்கிறோம்.

ஆகஸ்ட் 10

டாக்டரம்மா வந்துவிட்டார். வாரம் ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும், மற்றபடி வேலை பார்க்கலாம். சிஸ்டர் மதுரம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கிறிஸ்தவச்சி ஆரத்தி எடுத்து நான் இன்றுதான் பார்த்தேன். டாக்டரம்மா தட்டைத் தாண்டி நேரே வார்டுக்குள் போய், "ஏன் இந்த ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு?" என்றார்.

ஆகஸ்ட் 12

காற்றடிப்பு. வரிசையாகக் கூப்பிட்டார். ஏசுவடியானுக்கு ஊசி போனதும் அதோடு சேர்ந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்கியது. அப்படி ஆடினால் உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தம். அவன் வெளியே வரும்போது பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். மற்றவர்களுக்கும் ஆடியது.

கடைசியில் நான். விலாவில் ஒரு இடம் குத்தினார். தண்ணீர் நின்ற இடத்தில் நின்றது. கொஞ்சம் கீழே குத்தினார். முதுகுப் பக்கம் குத்தினார். அக்குளுக்குள் ஒரு தடவை. நானும் குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அசையவே இல்லை.

ஊசியை எடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார். என் பக்கம் திரும்பாமலே, "அடுத்த வாரம் இன்னொரு தடவை பாப்போம், நயினார். ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

பெண்ணைப் பார்த்து முடித்து, காப்பியும் குடித்துவிட்டு, செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளை வீட்டார், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். அந்தக் கடிதம் ஒன்றுகூட வந்து நான் பார்த்ததில்லை. சொல்கிறவர்கள் இப்படித்தான் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டோடு இருப்பவனிடம் உமக்கு ஓட்டை என்று சொன்ன மனுஷிக்கு, என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் முதுகைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஆகட்டும் டாக்டரம்மா. மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டேன்.

வெளியே ஏசுவடியான் காத்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, காத்து ஏறிச்சா?"

"நல்லா ஏறிச்சுவே" என்றேன்.